பழைய சுவரின் எண்

அவள் நாயிடம் வழி கேட்பாள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வெயார் கடை, அதன் மேல்மாடியில் எங்கள் வரைபட அலுவலகம். ஏறிப்போகிற படிக்கட்டில் எப்போதும் ஒரு செம்பட்டை நாய் படுத்திருக்கும். நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிக் கால் வைத்து ஏறிவிடுவோம். அவள் மட்டும் நின்று, "கொஞ்சம் தள்ளிக்கிறியாப்பா?" என்பாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அவள் காத்திருப்பாள். பின்னால் பிளான் விஷயமாக வந்தவர்கள் முனகத் தொடங்குவார்கள்.

"மிஸ், அது நாய்" என்பேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நமக்கு முன்னாடியே வந்து படுத்திருக்குதே மிஸ்" என்பாள்.

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் எல்லோருக்கும் மிஸ் என்றுதான் பெயர். அவளும் நானும் ஒரே வயதுக்காரிகள், ஆனாலும் கடைசி வரை ஒருவரையொருவர் மிஸ் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். அவளுடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைத் தெரிந்துகொண்டேன். என் சாப்பாட்டுப் பையை அவள் மேசையின் ஓரத்தில் வைத்தேன். மேசை காலியாகத்தான் கிடந்தது. அவள் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு வைங்க மிஸ்."

எனக்குச் சுருக்கென்றது. நான் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. ஒரு பையை வைப்பதற்கு வாப்பாவிடம்கூடக் கேட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வைக்கலாமா?" என்றேன். அடுத்த நிமிடமே அவள் தன் சாமான்களை ஒதுக்கி, மேசையில் பாதிக்கு மேல் எனக்குத் தந்துவிட்டாள். கேட்டால் பாதி மேசை, கேட்காவிட்டால் ஒரு பை வைக்கிற இடம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட ஒருத்தியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அன்றைக்கு உம்மாவிடம் புலம்பினேன்.

எங்கள் தொழிலில் இப்போது யாரும் கோடு போட்டு வரைவதில்லை. கணினிக்குள் கட்டடத்தை முழுதாகக் கட்டிப் பார்க்கிறோம். சுவர், தூண், தளம், பூச்சு என்று ஒவ்வொன்றும் அதனதன் பொருளோடு உள்ளே நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்க வேண்டும். இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் மோதிக்கொண்டால், பெரிய எண் உள்ளது நிற்கும், சின்ன எண் உள்ளது தானாக வெட்டுப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும். கொங்கிரீட்டுக்கு ஆகப் பெரிய எண். அதற்குக் கீழே செங்கல், பிறகு பூச்சு, எல்லாவற்றுக்கும் அடியில் மண். எங்களுக்குத் தெரிந்த எல்லா அலுவலகத்திலும் இதுதான் வழக்கம். இதில் ஒரு வசதி உண்டு. மோதல் நடந்த அடையாளமே தெரியாமல் படம் சுத்தமாக வந்துவிடும்.

அவளுக்கு இந்தச் சுத்தம் பிடிக்காது. வெறும் நிலத்தில் எழும்புகிற புது வீடு என்றால் எங்களைப் போலவே எண் போடுவாள். பழைய கட்டடத்தை ஒட்டிக் கட்டுவதென்றால் தொடங்கிவிடுவாள். 'பழைய சுவர்' என்று தனியாக ஒரு பொருளை உண்டாக்கி, அதற்குக் கொங்கிரீட்டையும் விடப் பெரிய எண் கொடுப்பாள். வெறும் மண் குழைத்துக் கட்டிய கல்லாக இருந்தாலும் சரிதான். திரையில் அந்த மண்சுவர் புதுத் தூணில் பாதியைத் தின்றுவிட்டு நிற்கும்.

எங்கள் முதலாளியை நாங்கள் சேர் என்போம். நல்ல மனிதர், ஆனால் எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு. அவள் திரையைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"மண்ணு கொங்கிரீட்ட வெட்டுறத எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா மிஸ்?"

"வெட்டல சேர். தூணு வரக்கூடாத எடத்துல வந்திருக்குன்னு காட்டுது. சுவரு ஏற்கனவே அங்க இருக்கு. நாமதான் பிறகு வர்றோம்."

"கிளையன்ட் சல்லி குடுக்கிறது சுவருக்கில்ல மிஸ், வீட்டுக்கு."

எனக்கும் அப்போது சேர் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. இவளுடைய வம்பால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் இழுக்கும். தூணை நகர்த்த வேண்டும், பிறகு உத்தரத்தை நகர்த்த வேண்டும், பிறகு அறை சின்னதாகிவிட்டது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதே சேர் இப்போது யாருடைய மவுஸில் கை வைப்பதற்கு முன்னும், "தொடட்டா?" என்று கேட்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைச் சேருடைய மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவள் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போனாள். ஒரே நீளக் கூரை, அதன் கீழே குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாகக் காம்பரா என்கிற அறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. இரண்டு காம்பராவுக்கு நடுவில் இருப்பது ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் அதுதான். அவளுடைய அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அந்தப் பொதுச் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில்தான் கிடந்தார். நல்ல கை சுவர்ப் பக்கம். அந்தக் கையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு சுவரில் தட்டுவார். அடுத்த காம்பராவில் இருந்து யாராவது பதிலுக்குத் தட்டுவார்கள். அவர் சிரிப்பார். அவருக்கு மிச்சமிருந்த ஊர்ப்பேச்சு அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலால் அவளுக்கு வந்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. பெண் பார்க்கப் பண்டாரவளையில் இருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். காம்பரா சின்னது, நாற்காலி போட இடமில்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "இதக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிருவோமே" என்று படுத்திருந்தவரோடு கட்டிலைப் பிடித்து இழுத்துவிட்டார். அவர் கெட்டவரில்லை, இடம் பண்ணத்தான் பார்த்தார். அவள் தேத்தண்ணித் தட்டோடு குசினியில் இருந்து வந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரக் கேட்டு நகத்தினீங்க?"

எல்லோரும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள். பிறகு அப்பாவுக்கு முன்னால் குனிந்து, "அப்பா, இவங்க ஒக்கார எடம் வேணுமாம். ஒங்கள நகத்தலாமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அதற்குள் வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் அவளைத் திட்டினேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணியை ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் குடித்து முடித்தாள்.

பிறகுதான் பக்கத்துக் காம்பராக்காரர் கட்டாரில் இருந்து வந்தார். பல வருஷம் லொறி ஓட்டியவர். தன் காம்பராவை இடித்துவிட்டு அதே இடத்தில் கொங்கிரீட் தூண் எழுப்பி மாடி வீடு கட்ட ஆசைப்பட்டார். "நம்ம தங்கச்சி இருக்கிற ஆபீஸ்" என்று சொல்லித்தான் எங்களிடம் வந்தார். அவளுக்கும் பெருமையாக இருந்தது. அளவெடுத்தது அவள், வரைந்ததும் அவள். பொதுச் சுவருக்கு வழக்கம்போல ஆகப் பெரிய எண்ணைக் கொடுத்தாள். தூண்கள் பாதி காணாமல் போயின. தூண்களைச் சுவரை விட்டு உள்பக்கமாக நகர்த்தினாள். பக்கத்து வீட்டுக்காரரின் முன்னறை ஒரு முழத்துக்கும் மேல் குறைந்தது.

அவர் சேரிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்கு அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அவள் லீவு. சேர் அவளுடைய கணினியைத் திறந்தார், பழைய சுவரின் எண்ணைக் கொங்கிரீட்டுக்குக் கீழே இறக்கினார், தூண்களைச் சுவர் வரிசைக்கே தள்ளினார். படம் சுத்தமாக வந்தது. சுவரின் பாதித் தடிப்பைத் தூண் விழுங்கியிருப்பது தெரியவே தெரியாது. அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் அவளிடம் சொல்ல அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு பகல் நேரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா போன் பண்ணினார். குரல் எனக்கே கேட்டது. "சுவத்த வெட்டுறாங்கடி. கேட்டா பிளான்ல இருக்குங்கிறாங்க. நீ வரைஞ்ச பிளானாம்."

அவள் கை கழுவாமலே போய்க் கணினியைத் திறந்தாள். தூண் சுவருக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது.

"சுவரோட எண்ண மாத்தினது யாரு?"

"நான்தான் மிஸ்" என்றார் சேர். "நீங்க லீவுல..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினாள், அவர் எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். பிறகு கைப்பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றீங்களா மிஸ்?" என்றாள். அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் நாய் இருந்தது. அப்போதும் அவள் நின்றாள். நான்தான் அதை அதட்டி விரட்டினேன்.

ஆட்டோவில் போகும்போது அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அது மண்ணுல கட்டின கல்லு மிஸ். ஒரு கல்ல எடுத்தா அடுத்தது நிக்காது." அப்பாவின் கட்டிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்கோ அந்தக் கட்டிலைத் தவிர வேறு எதுவும் நினைவில் ஓடவில்லை.

நாங்கள் இறங்கும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பராவுக்குக் கூரை இல்லை, கொத்து வேலை செய்கிற மேசன் பாஸ் பொதுச் சுவரில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். அவள் தன் வீட்டுக்குள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.  அந்தப் பக்கம் இருந்து ஒரு அடி விழுந்தால், இந்தப் பக்கம் அவளுடைய அப்பா டம்ளரால் ஒரு தட்டுத் தட்டினார். யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாகத் தட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் இருந்து செம்மண் உதிர்ந்து அவருடைய போர்வை முழுக்கக் கிடந்தது.

"தூக்குங்க மிஸ், அவர வெளிய கொண்டு போவோம்!" என்று கட்டிலைப் பிடித்தேன்.

"வைங்க" என்றாள்.

"பைத்தியமா ஒங்களுக்கு? சுவரு விழுந்தா?"

"அவரு எதுக்கு நகரணும்? அவரு இங்கதான் இருக்காரு. அவங்கதான் நிறுத்தணும்."

அவளுடைய அம்மா கெஞ்சினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. அந்த நிமிடத்தில் நான் அவளை வெறுத்தேன். தன் பிடிவாதத்துக்குப் பெற்ற தகப்பனைப் பணயம் வைக்கிறாளே என்று அவள் கையை உதறினேன். அது தைரியமா, கல்நெஞ்சமா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா மறுபடி தட்டினார். அந்தப் பக்கத்து உளிச் சத்தம் நின்றது. "மொதலாளி, அங்கிட்டு யாரோ தட்டுறாங்க" என்று பாஸின் குரல் கேட்டது.

அவள் வெளியே போனாள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் பிளானோடு நின்றார்.

"அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க. அப்பா அந்தப் பக்கம் படுத்திருக்காரு."

"நீ வரைஞ்சதுதானே தங்கச்சி? பிளான்ல சுவத்துக்குள்ளதானே தூணு இருக்கு?"

"நான் வரைஞ்சது இது இல்ல. பழைய சுவர வெட்டக்கூடாது. அது முதல்ல இருந்தது."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெயிலில் லொறி ஓட்டி வந்த மனிதர், வீட்டுக்காக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"முதல்ல இருந்ததா? மேல் லயத்துல மண்ணு சரிஞ்சப்ப மூட்டையோட வந்து நின்னது யாரு? எங்களுக்கு ரெண்டு காம்பரா இருந்திச்சி. ஒன்ன ஒங்களுக்கு விட்டுக் குடுத்தது எங்க அப்பா. நீ நிக்கிறியே, அது எங்க வீடு! இப்பச் சொல்லு, முதல்ல இருந்தது நீயா, நானா?"

லயத்து ஆட்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.  எனக்கு இது புதுச் செய்தி. அவளுடைய முகம் வெளுத்துப்போனது. இவ்வளவு காலம் எங்களையெல்லாம் எந்தக் கேள்வியால் மடக்கினாளோ, அதையே இப்போது அவளிடம் கேட்டுவிட்டார்.

"நீங்கதாண்ணே" என்றாள் மெதுவாக. "நாங்க பிறகு வந்தவங்கதான்."

"அப்ப?"

"அப்பா மழையில நின்னாரு. ஒங்கப்பா, பெரியப்பாதான், வா வான்னு கூப்பிட்டும் அவரு இஸ்தோப்புல காலு வைக்கல. 'இருக்கலாமாண்ணே'ன்னு கேட்டாரு. நான் அவரு கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். 'இருங்க'ன்னு பெரியப்பா சொன்ன பிறகுதான் ஏறினோம். ஒங்களுக்கும் தெரியும், நீங்களும் அங்க நின்னீங்க."  "நாங்க கேட்டுட்டு வந்தோம். நீங்க கேட்டீங்களாண்ணே?"

அவர் பிளானைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி ஒரு கல்லின் மேல் வைத்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுடைய காம்பராவுக்குள் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, போர்வையில் கிடந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டார்.

"சித்தப்பா, நான் வீடு கட்டுறேன். தூணு வைக்க இந்தச் சுவத்துல கொஞ்சம் வெட்டணும். வெட்டவா?"

அப்பா அவரை வெகுநேரம் பார்த்தார். வாய் கோணிக் கோணி வார்த்தையைத் தேடியது.

"வெட்டு... வெட்டிக்க. அண்ணன் வீடு."

அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய் அதைப் பிடித்தாள். "புடிங்க மிஸ்" என்றாள். வீட்டுக்காரர் கால்மாட்டைத் தூக்கினார். நானும் அம்மாவும் பக்கவாட்டில் பிடித்தோம். இஸ்தோப்பைத் தாண்டி வாசலில் கொண்டுபோய்க் கட்டிலை இறக்கினோம்.

பாஸ் தயங்கித் தயங்கித்தான் மறுபடி உளியை வைத்தார். ஒரு கல்லை நெம்பி எடுத்தார். இன்னொன்று தானாக வந்தது. "ஐயோ!" என்று அவர் பின்னால் குதித்ததைப் பார்த்தோம். சுவர் நடுவில் வயிறு தள்ளியது, பிறகு கல்லும் மண்ணுமாக அவளுடைய வீட்டுப் பக்கம் சரிந்து உட்கார்ந்தது. கூரைத் தகரம் ஓலமிட்டுக்கொண்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. தூசி அடங்கியபோது, கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குக் கல் குவிந்திருந்தது.

 வீட்டுக்காரர் அந்தக் குவியலைப் பார்த்தார், வாசலில் கிடந்த கட்டிலைப் பார்த்தார், மறுபடி குவியலைப் பார்த்தார்.  அந்தச் சுவரை மூன்றே மாதத்தில் தன் செலவில் அவர் கட்டிக் கொடுத்தார், தூண்களையும் உள்ளே நகர்த்திக்கொண்டார். அதெல்லாம் பிறகு நடந்தவை. அவளும் இப்போது கடல் கடந்து எங்கோ ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். அங்கே பழைய சுவர்களுக்கு என்ன எண் கொடுக்கிறாளோ தெரியாது. எனக்கு அவளை நினைத்தால் மனதில் வருவது அன்றைய மழைதான்.

சுவர் விழுந்த அந்த நேரம் பார்த்து மலையில் இருந்து மழை இறங்கிவிட்டது. அவளுடைய கூரை சாய்ந்து கிடந்தது. ஒதுங்குவதற்கு ஆகக் கிட்ட இருந்த இடம், வீடு கட்டி முடியும் வரை வீட்டுக்காரர் தன் குடும்பத்தோடு தங்குவதற்காக எதிரே போட்டிருந்த தகரக் கொட்டில். அவர் முன்னால் ஓடி, உள்ளே கிடந்த சட்டி பானைகளை ஒதுக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார். அவளும் பாஸும் தலைமாட்டைப் பிடிக்க, நானும் அம்மாவும் கால்மாட்டைப் பிடிக்க, கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கொட்டில் வாசலில் அவள் நின்றுவிட்டாள். அவள் நின்றதால் எல்லோரும் நின்றோம்.

"உள்ள போங்க மிஸ், கை விட்டுப் போகுது!" என்று கத்தினேன்.

அவள் காலை உள்ளே வைக்கவில்லை. தலைமயிரில் இருந்து செம்மண் தண்ணீர் முகத்தில் வழிந்தது.

"வரலாமாண்ணே?"

 வீட்டுக்காரர் மழைக்குள் இறங்கி, வாசலை விட்டு ஒதுங்கினார். நாங்கள் எல்லோரும் உள்ளே போய்ச் சேரும் வரை அங்கேயே நனைந்துகொண்டு நின்றார்.